பித்தளைப் பெட்டியும் கற்கண்டும்

1914 கிறிஸ்துமஸ் நாளில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஆளுக்கொரு பித்தளைப் பெட்டி வந்தது. அனுப்பியவர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மகள் இளவரசி மேரி. அப்போது அவருக்கு வயது 17. தம் சொந்தப் பணத்திலேயே வாங்கி அனுப்ப நினைத்தார். அத்தனை பெரிய படைக்கு அது எம்மாத்திரம்? அக்டோபரில் அவர் பெயரால் பொதுநிதி ஒன்று திறக்கப்பட்டது. 1,62,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

பெட்டி சிறியது. 5 அங்குல நீளம், மூன்றேகால் அங்குல அகலம், ஒன்றேகால் அங்குல உயரம். மூடியின் நடுவே இலைவளையத்துக்குள் இளவரசியின் பக்கவாட்டு முகம், இருபுறமும் அவர் பெயரின் முதலெழுத்து. பக்கங்களில் பிரான்சும் ரஷ்யாவும். மூலைகளில் பெல்ஜியம், ஜப்பான், செர்பியா, மாண்டினீக்ரோ. கையகலப் புகையிலைப் பெட்டியின் மூடியில் ஒரு போர்க் கூட்டணியையே பொறித்துவிட்டார்கள்!

உள்ளே இருந்தவைதாம் நம் கவனத்துக்குரியவை. புகைப்பவருக்கு 1 அவுன்ஸ் புகையிலை, 20 சிகரெட், சுங்கான், தீமூட்டி. புகைக்காதவருக்குப் புளிப்பு மிட்டாயும் காக்கி உறையில் தாளும் பென்சிலும். தாதியருக்குச் சாக்லேட். அந்தக் குளிர்காலத்தில் இந்தியப் படையின் லாகூர், மீரட் டிவிஷன்கள் பிரான்சில் போரிட்டுக்கொண்டிருந்தன. அவர்களுக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. கூர்க்காக்களுக்குப் பிரிட்டிஷாருக்குத் தந்ததே தரப்பட்டது. சீக்கியருக்குப் புகையிலை ஆகாது. ஆகவே கற்கண்டும், சிறு தகரப் பெட்டியில் மசாலாப் பொருட்களும். மற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு இவற்றோடு சிகரெட்டும் உண்டு. லண்டனில் கூடிய ஒரு குழு இந்த அளவுக்கு யோசித்தது மெச்சத் தக்கதே.

ஆனால் இந்தியருக்கான பரிசுப் பட்டியலின் கடைசியில் ‘பிஸ்தி’கள் வருகிறார்கள். பிஸ்தி என்றால் தோல்துருத்தியில் தண்ணீர் சுமப்பவர்; படையைப் பின்தொடர்ந்த மற்ற ஊழியரையும் அந்தத் தலைப்பிலேயே அடக்கினார்கள். இவர்களுக்கு மசாலாத் தகரமும் வாழ்த்து அட்டையும் மட்டுமே. பிறர் வழக்கத்தை மதிக்கத் தெரிந்த அதே கை, படிவரிசையையும் விடாமல் பிடித்திருந்தது. பிஸ்திக்குக் கற்கண்டு ஆகாது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

குறித்த நாளில் பெட்டி கிடைத்தவர் ஏறத்தாழ 4 லட்சம் பேர்தாம். துப்பாக்கி ரவைக்கும் பீரங்கிக் குண்டுக்குமே பித்தளை போதாத காலம் அது. அமெரிக்காவில் வாங்கிய பித்தளைத் தகட்டில் ஒரு பகுதி, 1915 மே மாதம் லூசிட்டானியா கப்பலோடு கடலில் மூழ்கியது. பின்னால் வந்த பெட்டிகளின் உலோகம் தரம் குறைந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து போனதால் புத்தாண்டு வாழ்த்து அட்டையை வைத்தார்கள். 26 லட்சத்துக்கும் மேல் விநியோகித்த பிறகு, 1920-இல்தான் நிதிக் கணக்கு மூடப்பட்டது.

கடல் கடந்து பணியாற்றிய இந்தியப் படையினரும் பெறுவோர் பட்டியலில் இருந்தார்கள். அந்தப் போருக்குப் போய்வந்த முன்னோர் உள்ள வீட்டுப் பரணில் இப்படி ஒரு பெட்டி கிடைத்தால், பழைய பித்தளைக்குப் போடும் முன் மூடியைப் பாருங்கள். புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். முதலில் தேய்ந்து போவது எழுத்துகள்தாம்.