பழச்சாறு ஊற்றும் தாய்

துப்பறியும் படம் என்றால் தொப்பியும் மழைக்கோட்டும் போட்ட ஓர் ஆள்தான் நினைவுக்கு வருவான். உலகப் போர் முடிந்து பாரிசுக்கு வந்துசேர்ந்த அமெரிக்கப் படங்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டு, 1946இல் நினோ பிராங் என்ற விமர்சகர் அவற்றை 'பிலிம் நுவார்', அதாவது கறுப்புப் படம் என்று எழுதினார். 1954இல் எஸ். பாலச்சந்தர் தமிழில் 'அந்த நாள்' எடுத்தார். பாட்டில்லை, ஆட்டமில்லை. கொன்றது யார் என்ற கேள்வி மட்டுமே படம்.

அந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவர் றயன் ஜோன்சன். அவருடைய முதற்படம் 'பிறிக்', 2005இல் சண்டான்ஸ் விழாவில் விருது பெற்றது. ஐந்து இலட்சம் டொலருக்கும் குறைந்த செலவு. தான் படித்த கலிபோர்னியப் பள்ளிக்கூடத்திலேயே படம்பிடித்தார். தன் பழைய காதலியைக் கொன்றது யார் என்று ஒரு மாணவன் தேடிப் போகிறான். பெரியவர்களைக் காண்பதே அரிது. போதைப்பொருள் விற்கும் இளைஞன் தாய்வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்து தொழில் நடத்துகிறான். மேலே, அவன் தாய் வந்த பிள்ளைகளுக்குப் பழச்சாறு ஊற்றிக் கொடுக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இந்தத் தாயை நாங்கள் அறிவோம். 1990களில் ரொறன்ரோவில் எங்கள் பொடியள் குழுக்களாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டார்கள். சம்பந்தமில்லாதவர்களும் செத்தார்கள். 2001இல் பொலிசார் பலரைப் பிடித்தனர். கனடிய அரசு அவர்களை நாடுகடத்த முயன்றது. ஷெல்லுக்குத் தப்பவைத்துக் கொண்டுவந்த பிள்ளைகள் இவர்கள். தகப்பன் இரண்டு வேலை, தாய் ஒரு வேலை. பிள்ளை எங்கே போகிறான் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. 2000களில் லாச்சப்பல் தெருக்களிலும் வாள்கள் வெளியே வந்தன. குசினியில் பன்னிரண்டு மணித்தியாலம் கோப்பை கழுவுகிற எங்களுக்கு அந்த வீடுகளின் கணக்கு விளங்கும்.

லெனின் எம். சிவம் 2009இல் எடுத்த '1999' ஸ்காபரோவின் அந்த இளைஞர்களைப் பற்றியது. பெரிய கொம்பனி எதுவும் பின்னால் இல்லை. வன்கூவர் சர்வதேச விழாவில் காட்டப்பட்டது. நாலு வருடம் கழித்து அவர் எடுத்த 'எ கன் அன்ட் எ றிங்' ஷங்காய் விழாவின் போட்டிக்குத் தெரிவானது.

'பிறிக்' மாணவன் கதவு கதவாகத் தட்டி விடை தேடினான். எங்களிடம் தேட ஒன்றுமில்லை. யார் வெட்டியது என்று தெருவுக்கே தெரியும்; சாட்சி சொல்லத்தான் ஆளில்லை. போரில் செத்தவர்களுக்கு விளக்கேற்ற நாளுண்டு. குழுச்சண்டையில் செத்தவனின் படம் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுகிறது. மானம் போய்விடும் என்று 'விபத்து' என்கிறோம். எங்கள் புலப்பெயர்வின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தச் சாவுகளையும் ஆண்டோடு எழுத வேண்டும். அதுவரைக்கும் '1999' போன்ற படங்களைத்தான் பிள்ளைகளோடு ஒன்றாக இருந்து பார்க்கவேண்டியிருக்கிறது.