பாறைத்தரைக் கூடார முளை

பாறைத்தரைக் கூடார முளை என்பது மரங்கள் வளரும் எல்லைக்கு மேலுள்ள கல்தரையில் தார்ப்பாயையோ அடித்தரை இல்லாத கூடாரத்தையோ கயிற்றால் இழுத்துக் கட்ட அடிக்கப்படும் எடை குறைந்த உலோகக் குச்சி. அலாஸ்காவில் டால் காட்டுச்செம்மறியையும் நியூசிலாந்தின் தென் ஆல்ப்ஸ் மலைகளில் இமயமலை வரையாட்டையும் தேடிச் செல்லும் வேட்டைக்காரர்களுக்கு இது இன்றியமையாத கருவி. மலைநடைப் பயணிகள் பெரும்பாலும் காலையில் கூடாரத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு நடப்பர். வேட்டைக்காரரோ அதை நின்றபடியே விட்டுவிட்டு விடியுமுன் முகட்டுக்கு ஏறிவிடுவார், திரும்ப இருட்டிவிடும். இடையில் காற்று எழுந்தால் கயிற்றை இழுத்துக் கட்ட ஆள் இருக்காது. ஆகவே முளையின் எடையைவிட அது தானாக நிற்கும் திறனே தேர்வில் முதலில் பார்க்கத்தக்கது.

பெயர்

மாட்டைக் கட்ட நிலத்தில் அடிக்கும் முளைக்குச்சியின் பெயரே கூடாரக் குச்சிக்கும் வந்தது. தமிழ் விவிலியத்தில் யாத்திராகமம் ஆசரிப்புக் கூடாரத்தின் வெண்கல முளைகளைப் பேசுகிறது. நியாயாதிபதிகள் நூலில் யாகேல் சிசெராவைக் கொன்றது கூடார ஆணியால். இவ்விரு சொற்களும் இன்றைய பகுப்புக்கும் நன்கு பொருந்துகின்றன: இறக்கை உள்ளது முளை, உருண்டு மெலிந்தது ஆணி. ஜெர்மன் மொழியில் இக்கருவிக்கு ‘ஹேரிங்’ என்று பெயர். ஒரு மீனுக்கும் அதே பெயர்.

வரலாறு

மண்தரையில் மரமுளையே போதுமானதாக இருந்தது. கல்தரையில் அதன் முனை சிதறிவிடும் என்பதால் மலைப்பகுதிகளுக்கு உலோகம் தேவைப்பட்டது. உரோமப் படையினர் தோல் கூடாரங்களில் தங்கினர். அவர்களுடைய இரும்பு முளைகளின் தலையில் கயிறு கோக்கக் கண் இருந்தது.

ஆல்ப்ஸ் மலையில் இதற்கு நேரடிச் சான்று உண்டு. சுவிட்சர்லாந்தின் கிரவுபுண்டன் மாநிலத்தில் சுமார் 2,310 மீட்டர் உயரத்தில் உள்ள செப்டிமர் கணவாயில் உரோமப் படைமுகாம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. படையணிகளின் முத்திரை பதித்த ஈயக் கவண்குண்டுகள், காலணி ஆணிகள் ஆகியவற்றுடன் இரும்புக் கூடார முளைகளும் அங்கே கிடைத்தன. கி.மு. 15இல் துருசுசும் திபேரியுசும் நடத்திய ஆல்ப்ஸ் படையெடுப்போடு இம்முகாம் தொடர்புடையது. உயர்மலைக் கல்தரையில் இரும்பு முளை அடிக்கும் வழக்கம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதை இக்கண்டெடுப்பு காட்டுகிறது.

19ஆம் நூற்றாண்டில் மலையேற்றம் தனிக்கலையாக வளர்ந்தபோது எடை பெருஞ்சிக்கலானது. 1865இல் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலில் எட்டிய எட்வர்ட் விம்பர் தம் பெயரால் வழங்கும் கூடாரத்தை வடிவமைத்தார். கூரையோடு அடித்துணியையும் சேர்த்துத் தைத்திருந்ததால் உள்ளே படுப்பவர் எடையே அதற்கு நங்கூரமாகவும் அமைந்தது. மலையேறி ஆல்பர்ட் மம்மரி இன்னும் துணிந்தார். அவருடைய மெல்லிய சிறு கூடாரத்துக்குப் பனிக்கோடரிகளே கால்கள். கையில் உள்ள கருவிக்கு இரண்டாவது வேலை கொடுத்து எடை குறைக்கும் இந்த எண்ணமே, நடைக்கோலை நட்டுத் தார்ப்பாயை விரிக்கும் இன்றைய வேட்டைக்காரரின் வழக்கத்துக்கும் முன்னோடி.

அடுத்த மாற்றம் உலோகவியலிலிருந்து வந்தது. 1906இல் ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் அலுமினியக் கலவை காலப்போக்கில் தானே இறுகுவதைக் கண்டறிந்தார். துராலுமின் என்ற கலவை அதன் பயன். 1930களில் ஜப்பானில் துத்தநாகம் கலந்த வலிய கலவை உருவாகி ஸீரோ போர் விமானத்தில் இடம்பெற்றது. 1943இல் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனம் 7075 என்ற கலவையை அறிமுகப்படுத்தியது. இன்றைய நல்ல அலுமினிய முளைகள் பல இவ்வினத்தைச் சேர்ந்தவை. டைட்டேனியத்தை 1791இல் வில்லியம் கிரெகர் கண்டறிந்தார். ஆனால் லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் 1940இல் காப்புரிமை பெற்ற பிரிப்புமுறைக்குப் பிறகுதான் அது ஆலைகளில் பெருமளவில் கிடைத்தது.

வகைகள்

முளைகள் வடிவத்தால் நான்காகப் பகுக்கப்படுகின்றன.

கொக்கிமுளை: சுமார் 3 மி.மீ. கம்பியின் தலையை வளைத்துச் செய்தது. டைட்டேனியத்தில் 6 கிராம் அளவே இருக்கும். சிறு இடுக்கிலும் நுழையும். அடித்தால் வளைந்து துள்ளும். சுழன்று கயிற்றை நழுவவிடும்.

ஆணிமுளை: 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமனுள்ள நேரான உருளை, தலை தட்டையானது. டைட்டேனியத்தில் 9 முதல் 10 கிராம். 3 மி.மீ. கம்பியைவிட 4 மி.மீ. கம்பி வளைவை மூன்று மடங்குக்கு மேல் எதிர்க்கிறது. அதே நீளத்தில் எடையோ இருமடங்குகூட ஆவதில்லை. கல்தரைக்கு உரிய முளை இதுவே.

மூவிறக்கை முளை: மூன்று தகடுகள் நடுவில் கூடும் அலுமினியத் தண்டு. 15 செ.மீ. நீளமுள்ளது சுமார் 10 கிராம், 19 செ.மீ. உள்ளது சுமார் 14 கிராம். மண்ணும் சரளையும் கலந்த தரையில் இதன் பிடிப்புக்கு நிகரில்லை. தகடுகள் மூன்று திசையில் விரிவதால் ஒடுங்கிய பிளவில் நுழையாது; கல்லால் அடித்தால் தலை பிய்ந்துபோகும்.

வளைதகட்டு முளை: நெடுக்கே பிளந்த குழாய் போன்றது. பனிக்கும் மணலுக்கும் பொருந்தும், பாறைக்குப் பொருந்தாது.

எஃகு ஆணி மலிவும் உறுதியும் உடையதே. ஆனால் எஃகின் அடர்த்தி 7.8, டைட்டேனியத்தின் அடர்த்தி 4.5 மட்டுமே. அலாஸ்காவில் உண்ணத்தக்க இறைச்சி முழுவதையும் மலையிலிருந்து இறக்க வேண்டும் என்பது சட்டம். முதுகில் ஒரு கிடாயின் சுமையோடு திரும்புபவருக்கு எஃகின் மலிவு ஆறுதல் தராது.

அடிக்கும் முறை

கல்தரையில் பிடிப்பைத் தருவது கற்களுக்கிடையே உள்ள இடுக்கு. முளை அதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எனவே முதலில் ஓர் ஆணிமுளையைக் கையால் அழுத்தி இடம் தேட வேண்டும். முனை கல்லில் பட்டால் ‘ணங்’ என்று ஒலித்துக் கை அதிரும். அரை சாண் தள்ளிப் பார்க்க வேண்டும். இடுக்கு கிடைத்தால் ஒலி மழுங்கி, முளை சரசரவென்று கீழிறங்கும். அதன்பின் தட்டையான கல்லால் சிறு சிறு தட்டாகத் தட்டுவது போதும். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். கயிறு தரையை ஒட்டியே கட்டப்பட வேண்டும். மேலே கட்டினால் இழுவை நெம்புகோலாக மாறி முளையைப் பிடுங்கிவிடும்.

சாம்பல் நிற டைட்டேனியம் சாம்பல் நிறக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். தலையில் செம்மஞ்சள் கயிற்றுக் கண்ணி கட்டுவது முளை தொலையாமல் காக்கும்.

கல் நங்கூரம்

இடுக்கே கிடைக்காத பாறையில் முளையைக் கிடையாகப் பயன்படுத்த வேண்டும். கயிற்றின் நுனியை முளையின் நடுவில் கட்டி, இழுவைக்குக் குறுக்காகத் தரையில் கிடத்தி, அதற்கு முன்னால், கூடாரத்தின் பக்கமாக, பெருங்கல் ஒன்றை வைப்பர். இழுவை முளையைக் கல்லின் அடியோடு சேர்த்து அழுத்தும். காற்று வலுக்க வலுக்க அழுத்தமும் கூடும். முளைக்குப் பதில் சிறுகல்லைச் சுற்றிக் கட்டினாலும் இதே பயன் உண்டு. கல்லின் கூர்விளிம்பு கயிற்றை அறுக்காதபடி உரசும் இடத்தைப் பார்த்து வைப்பது கட்டாயம். இம்முறை தெரிந்தவர் முளை போதவில்லை என்று இரவில் தவிக்க மாட்டார்.

தேர்வு

எட்டு முளை சுமப்பவருக்கு நான்கு டைட்டேனிய ஆணியும் நான்கு 15 செ.மீ. மூவிறக்கை முளையும் தக்க கலவை. மொத்தம் 80 கிராம் அளவில் அடங்கும். எட்டும் கொக்கிமுளையானால் 30 கிராம் குறையும். ஆளில்லாத கூடாரத்தை நாள் முழுதும் காற்றில் நிறுத்த வேண்டியவர் அந்த 30 கிராமை மிச்சம் பிடிக்கக் கூடாது.

தற்கால நிலை

கரிநார் முளைகளும் விற்பனைக்கு வந்துள்ளன. முளையைச் சுமக்கும் வேட்டைக்காரர்களின் சூழலும் மாறியுள்ளது: அலாஸ்காவின் பல பகுதிகளில் டால் செம்மறியின் எண்ணிக்கை அண்மை ஆண்டுகளில் குறைந்ததால் வேட்டைக்குக் கட்டுப்பாடுகள் கூடியுள்ளன.