பேகன் மலையில் ஓர் அயர்லாந்துக்காரர்

பழனி மலைக்குச் சங்க காலத்திலேயே ஒரு வள்ளல் உண்டு. ஆவியர் குடியில் தோன்றிய வையாவிக் கோப்பெரும் பேகன், மயிலொன்று குளிரால் நடுங்குகிறது என்றெண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்து எண்ணப்படுபவன். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், அதே மலைத்தொடரின் மேற்பரப்பில், கடல் கடந்து வந்த ஒருவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஓர் ஏரியை அமைத்தார். அவர் பெயர் வேர் ஹென்றி லெவிஞ்ச். கோடைக்கானல் ஏரியைக் கண்டு மகிழ்ந்தோர் கணக்கற்றோர். அதனை அமைத்தவரை அறிந்தோர் மிகச் சிலரே.

லெவிஞ்ச் 1819ஆம் ஆண்டு பிறந்தவர். அயர்லாந்தின் வெஸ்ட்மீத் பகுதியில் நாக்ட்ரின் கோட்டையைத் தம் இருப்பிடமாகக் கொண்ட நிலக்கிழார் குடும்பம் அவருடையது. அரசியல் அக்குடும்பத்தின் பரம்பரைத் தொழில் எனலாம். அதன் முன்னோரான சர் ரிச்சர்டு லெவிஞ்ச் 1692இல் அயர்லாந்து மக்களவையின் சபாநாயகராக விளங்கியவர். 1704இல் பாரனெட் என்னும் பரம்பரைப் பட்டத்தைப் பெற்றவர். அதே பெயருடைய தமையனார் 1857 முதல் 1865 வரை வெஸ்ட்மீத் தொகுதியின் உறுப்பினராக லண்டன் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தார்.

இளையவரின் பாதை வேறாயிற்று. குடும்பப் பட்டமும் நிலமும் மூத்தவருக்கே உரியவை என்பது அந்நாட்டு வழக்கம். நிலக்கிழார் வீட்டு இளைய பிள்ளைகள் படைக்கோ, திருச்சபைக்கோ, இந்தியாவுக்கோ சென்றனர். வேர் ஹென்றி சென்னை மாகாண ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1860 முதல் 1867 வரை மதுரை மாவட்டத்தின் கலெக்டராக விளங்கினார்.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தமையனார் நாடாளுமன்றத்தில் அமர, வாக்காளரின் இசைவு வேண்டியிருந்தது. அவ்வாக்காளர் சொத்துடைய சிலரே ஆயினும், அவர்கள் முன் சென்று நின்றாக வேண்டும். தம்பிக்கு அத்தொல்லை இல்லை. இன்றைய மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டங்களின் நிலப்பரப்போடு இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களும் அடங்கிய பெருநிலத்தில் வரி தண்டுபவரும் அவரே. குற்றம் விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டும் அவரே. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையில் அமைந்த சட்டமன்றத்திலும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. மதுரைச் சீமையில் எவரும் லெவிஞ்சுக்கு வாக்களித்ததில்லை. எவராலும் அவரை விலக்கியிருக்கவும் இயலாது.

அவர் பொறுப்பேற்றபோது கோடைக்கானல் ஒரு சிற்றூர். 1821இல் லெப்டினன்ட் வார்டு இம்மலையை அளந்து சென்றார். சமவெளியின் வெப்பத்தாலும் நோயாலும் தம் உறவினரைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள் 1845இல் இங்கு முதல் பங்களாக்களைக் கட்டின. பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் குதிரை அல்லது டோலி. துரைமாரையும் துரைசானிமாரையும், அவர்தம் பெட்டிகளையும் தோளில் சுமந்து ஏறியவர்கள் கூலியாட்கள்.

பங்களாக்களின் நடுவே ஓடைகள் கூடிச் சதுப்பாகக் கிடந்த பள்ளம் ஒன்று இருந்தது. அதன் வாயில் 1863ஆம் ஆண்டு கரையொன்றை எழுப்பி நீரைத் தேக்கினார் லெவிஞ்ச். ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பில், விண்மீன் வடிவில் கைகளை விரித்துக் கிடக்கும் ஏரி பிறந்தது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பர். அரசுப் பணத்தில் அன்று, தம் சொந்தச் செலவில் அவர் இதைச் செய்தார் என்பதே இதில் குறிப்பிடத்தக்கது. அதே 1863இல்தான் சிவகங்கை ஜமீன் வழக்கில் காத்தம நாச்சியாருக்கு உரிமை வழங்கி லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. கலெக்டரின் அலுவல் எத்தகைய சிக்கல்களுக்கிடையே நடந்தது என்பதற்கு அவ்வழக்கு ஒன்றே சான்றாகும்.

பணி ஓய்வு பெற்ற ஆங்கிலேய அதிகாரிகள் கப்பலேறித் தாயகம் திரும்புவதே வழக்கம். லெவிஞ்சோ கோடைக்கானலிலேயே தங்கிப் பல்லாண்டு வாழ்ந்தார். 1875இல் அம்மையநாயக்கனூர் வழியே இருப்புப்பாதை வந்தது. அடுத்த ஆண்டு தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் சூறையாடியது. மலைமேல் ஏரி ததும்பியது. அடிவாரத்தில் மக்கள் மடிந்தனர்.

தமையனார் மறையவே, 1884இல் பாரனெட் பட்டம் தம்பியைத் தேடி வந்தது. ஆனால் அவர் விட்டு வந்த அயர்லாந்து அப்போது இல்லை. 1879 முதல் 1882 வரை குத்தகை உழவர்கள் நிலக்கிழார்களுக்கு எதிராகப் பெரும் நிலப்போராட்டம் நடத்தியிருந்தனர். பட்டம் வந்த அதே 1884இல் சிற்றூர் ஏழை உழவர் பலருக்கும் வாக்குரிமை கிட்டியது. 1885ஆம் ஆண்டுத் தேர்தலில் வெஸ்ட்மீத்தின் இரு தொகுதிகளும் தன்னாட்சி கோரிய அயர்லாந்துக் கட்சியைத் தேர்ந்தன. நாக்ட்ரின் போன்ற மாளிகைகள் மக்களின் பெயரால் பேசிய காலம் முடிந்தது. அவ்வாண்டிலேயே சர் வேர் ஹென்றி லெவிஞ்ச் காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் பம்பாயில் இந்திய தேசிய காங்கிரசு முதன்முறையாகக் கூடியது. கேளாது ஆளும் முறைமை இரு நாடுகளிலும் கேள்விக்குள்ளான ஆண்டு அது.

இந்திய நண்பர்களும் ஐரோப்பிய நண்பர்களும் சேர்ந்து அவருக்குக் கோடைக்கானலில் ஒரு நினைவுச் சிலுவை எழுப்பினர். தம் செலவில் ஏரியை அமைத்ததும், மலைக்குப் பல நலன்களைச் செய்ததும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. மண் சுமந்து கரை எழுப்பியோர் யார் என்பதை அக்கல் சொல்லவில்லை. குன்னுவரும் பளியரும் புலையரும் துரைமார் வருமுன்பே வாழ்ந்த மலை இது. அவர்களுடைய பெயர் எதுவும் ஏரியோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை.

இவ்விடத்தில் பேகன் மீண்டும் நினைவுக்கு வருகிறான். மயிலுக்குப் போர்வை ஈந்த அவன் கொடையைப் பரணர் போற்றினார். ஆயினும் அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தபோது அதே பரணரும், கபிலரும், அரிசில் கிழாரும், பெருங்குன்றூர் கிழாரும் அவன் முன் சென்று, அவள் கண்ணீரைப் பற்றியே பாடினர். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களும் அவை. பொன்னையும் பொருளையும் வேண்டாது, அவளுக்கு அருளுவதையே பரிசிலாகக் கேட்ட புலவர் மரபு அது. கொடையைப் புகழ்ந்த நா, கொடையாளி காணாத துயரத்தைச் சொல்லவும் தயங்கவில்லை.

லெவிஞ்சின் ஏரியும் அத்தகைய பாட்டுக்கே உரியது. அது உண்மையான கொடை. அதை மறைப்பது நன்றி கொன்ற செயலாகும். கேட்பாரற்ற அதிகாரத்தின் நிழலில், பெயரற்றவர் கைகளால் உருவானது என்பதும் உண்மை. அதை மறப்பது புலமைக்கு அழகன்று. வெள்ளியருவியாக இறங்கும் அந்த ஏரி நீர், கரை கட்டியவனையும் கட்டுவித்தவனையும் வேறு பிரித்து அறிவதில்லை. பிரித்தறிந்து, இருவரையும் சொல்ல வேண்டிய கடன் கவிஞருடையது.