மாத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ்

மாத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ் என்பது ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976 பெப்ரவரி 24 அன்று தீர்ப்பளித்த ஒரு வழக்காகும். ஊனமுற்ற ஒருவர் பெற்றுவரும் உதவித்தொகையை நிறுத்தும் முன்னரே அரசு அவரை நேரில் விசாரிக்க வேண்டுமா, அல்லது நிறுத்திய பின்னர் விசாரித்தால் போதுமா என்பதே இவ்வழக்கின் மையக் கேள்வி. பின்னர் விசாரித்தால் போதும் என்று நீதிமன்றம் கூறியது. அதற்காக அது வகுத்த அளவுகோல், உதவித்தொகையோடு தொடர்பில்லாத வழக்குகளிலும் பயன்பட்டு வருகிறது.

பின்னணி

அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ், ஊதியத்திலிருந்து வரி செலுத்தி வந்த தொழிலாளி உடல் அல்லது மனநலக் குறைவால் வேலை செய்ய இயலாது போனால் மாதந்தோறும் தொகை பெறலாம். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் எல்ட்ரிட்ஜ் தீராத மனப்பதற்றம், முதுகு வலி ஆகிய காரணங்களால் 1968 இல் இத்தொகையைப் பெறத் தொடங்கினார். பின்னர் அவருக்கு நீரிழிவு நோய் இருப்பதும் கண்டறியப்பட்டது.

1972 மார்ச்சில் அவருக்கு ஒரு வினாப்படிவம் வந்தது. உடல்நிலையில் முன்னேற்றம் இல்லை என அவர் பதிலெழுதினார். மருத்துவ அறிக்கைகளைப் பார்த்த மாநில முகமை, அவரது ஊனம் மே மாதத்தோடு நீங்கிவிட்டதாக முடிவுசெய்து கடிதம் அனுப்பியது. தமக்கு இருப்பது முதுகுச் சுளுக்கு அன்று, முதுகெலும்பு மூட்டழற்சி என்று எல்ட்ரிட்ஜ் மறுமொழி எழுதியும் பயனில்லை. தொகை நிறுத்தப்பட்டது. மறுபரிசீலனை கோரும் வழக்கமான வழியை விடுத்து, அவர் நேரே நீதிமன்றம் சென்றார்.

நலவாழ்வு உதவியை நிறுத்தும் முன் வாய்மொழி விசாரணை தேவை என்று கோல்ட்பெர்க் எதிர் கெல்லி வழக்கில் (1970) உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. எல்ட்ரிட்ஜின் வாதம் அதனையே சார்ந்தது. மாவட்ட நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன.

தீர்ப்பு

உச்ச நீதிமன்றம் 6-2 என்ற பெரும்பான்மையில் அவற்றை மாற்றியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி லூயிஸ் பவல். வழக்கு விசாரிக்கப்பட்ட பின்னரே பதவியேற்ற ஜான் பால் ஸ்டீவன்ஸ் இதில் பங்கேற்கவில்லை.

அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் கோரும் உரிய சட்ட நடைமுறை எது என்பதை மூன்று செய்திகளைச் சீர்தூக்கி முடிவுசெய்ய வேண்டும் என்றார் பவல். அவை: தனிமனிதர் இழக்கக்கூடியது எவ்வளவு பெரியது, நடப்பிலுள்ள முறையால் தவறு நேரும் வாய்ப்பும், கூடுதல் பாதுகாப்பு அதனைக் குறைக்கும் அளவும், அரசின் நலனும் செலவுச் சுமையும். ஊனத்தொகை வறுமையை அடிப்படையாகக் கொண்டதன்று என்பதும், முடிவு பெரும்பாலும் மருத்துவர்களின் எழுத்து அறிக்கைகளைச் சார்ந்தது என்பதும் அரசின் பக்கம் எடையைக் கூட்டின. வென்றவருக்கு நிலுவை முழுதும் பின்னர் கிடைக்கும். ஆயினும் தொகை நிற்பதற்கும் விசாரணைக்குப் பிந்தைய இறுதி முடிவுக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்பதைத் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது.

இந்த ஓராண்டில் ஒரு குடும்பம் எவ்வாறு வாழும்? நீதிபதி வில்லியம் பிரெனன், தர்குட் மார்ஷலுடன் இணைந்து எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் இதற்கான விடை உள்ளது. தொகை நின்றதால் எல்ட்ரிட்ஜின் வீடு கடனுக்காகப் பறிபோனது, அறைகலன்கள் எடுத்துச் செல்லப்பட்டன, கணவன், மனைவி, குழந்தைகள் அனைவரும் ஒரே கட்டிலில் உறங்க நேர்ந்தது.

எல்ட்ரிட்ஜ் ஒரு கூறில் வென்றார். நிர்வாக மேல்முறையீடுகளை முடிக்காமலேயே இத்தகைய அரசியலமைப்புக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரலாம் என்பது ஏற்கப்பட்டது. தொகைக்குத் தகுதியுண்டா என்ற சாதாரண வழக்குகளில் இச்சலுகை இல்லை. அவற்றில் மறுபரிசீலனை, நிர்வாகச் சட்ட நீதிபதியின் விசாரணை, மேல்முறையீட்டுக் குழு ஆகிய படிகளைக் கடந்து, இறுதி அறிவிப்பு கிடைத்த 60 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். அங்கும் புதிய விசாரணை நடவாது. முடிவுக்குப் போதிய சான்று உள்ளதா என்பதே பார்க்கப்படும்.

பிந்தைய நிலை

1981 முதல் ரேகன் அரசு நடத்திய மறுஆய்வுகளில் லட்சக்கணக்கானோர் தொகையை இழந்தனர். அவர்களுள் ஏராளமானோர் மேல்முறையீட்டில் மீண்டும் அதனைப் பெற்றனர். எதிர்ப்பு வலுக்கவே, 1983 சனவரியில் காங்கிரசு ஒரு சட்டம் இயற்றியது. உடல்நிலை தேறிவிட்டதாகக் கூறித் தொகை நிறுத்தப்படுபவர், நிர்வாகச் சட்ட நீதிபதியின் முடிவு வரும்வரை அதனைத் தொடர்ந்து பெற விரும்பலாம் என அது வழிசெய்தது. தோற்றால் பெற்ற தொகையைத் திருப்பிக் கேட்கலாம். நீதிமன்றம் மறுத்ததில் பெரும்பகுதி இவ்வாறு சட்டத்தின் வழியாக வந்தது.

பவலின் மூன்று கூறு அளவுகோலை உச்ச நீதிமன்றம் 2004 இல் ஹம்தி எதிர் ரம்ஸ்ஃபெல்ட் வழக்கிலும் கையாண்டது. அது 'எதிரிப் போராளி' எனப் பிடித்துவைக்கப்பட்ட அமெரிக்கக் குடிமகன் ஒருவரைப் பற்றியதாகும்.