எந்த வகுப்பில் உட்காருவது?



போன வாரம் அமெரிக்காவிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் பேசினான். மேற்படிப்புக்குப் போன இடத்தில் மோட்டோகிராஸ் என்ற மண்பாதை பைக் பந்தயத்தில் இறங்கி, 'பி' பிரிவு வரை ஏறியவன். கல்யாணம், பிள்ளைகள் என்று இருபது வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டான். இப்போது ஐம்பதைத் தாண்டியபின் மறுபடியும் ஆசை. "டீச்சர், எந்தப் பிரிவுல பேர் கொடுக்கட்டும்? நீங்கதானே எங்களை பெஞ்சு மாத்தி மாத்தி உட்கார வைப்பீங்க" என்று சிரித்தான்.

எனக்கு சைக்கிளே சரியாக வராது. ஆனாலும் கேள்வி என்னை விடவில்லை. இந்தப் பிரிவுகள் எப்படி வந்தன என்று தேடிப் படித்தேன்.

அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 1924இல் தொடங்கியது. அன்று பெரிய பந்தயங்களில் ஓடியவை, கம்பெனிகள் பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகள். 1929இல் பொருளாதாரம் சரிந்தது. கம்பெனிகள் மூடின, பெரியவற்றில் மிஞ்சியவை ஹார்லி டேவிட்சனும் இந்தியனும்தான். பந்தயம் பிழைக்க வேண்டுமானால் சாதாரண ஆள் ஓட்ட வேண்டும். அதற்காக 1930களின் முற்பாதியில் 'கிளாஸ் சி' என்ற விதி வந்தது. கடையில் விற்கும் வண்டி, அதுவும் ஓட்டுபவரின் சொந்த வண்டி. அதே வண்டியில் பந்தய இடத்துக்கு வந்து, விளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டி, மறுபடி மாட்டிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் உண்டு. 1937இல் டேடோனா கடற்கரையில் நடந்த முதல் 200 மைல் பந்தயம் இந்த விதிப்படிதான். இந்தியன் வண்டியில் எட் கிரெட்ஸ் ஜெயித்தார்.

வண்டியைப் பிரித்தால் போதவில்லை, ஆளையும் பிரித்தார்கள். நாவிஸ், அமெச்சூர், எக்ஸ்பர்ட் என்று மூன்று படி. புள்ளி சேர்ந்தால் மேலே ஏற்றம். 1960களில் ஐரோப்பாவிலிருந்து மோட்டோகிராஸ் அங்கே வந்து பரவியபின், அதிலும் படிகள் வந்தன. சி என்றால் தொடக்கநிலை, பி இடைநிலை, ஏ தேர்ந்தவர்கள். (பழைய 'கிளாஸ் சி' வேறு, இந்த 'சி' வேறு.) இவை தவிர 30, 40, 50 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவுகள். ஆனால் வயது ஒன்றானாலும் கை ஒன்றாகாது. ஒரு காலத்தில் ஏ பிரிவில் ஓடியவரும் அங்கே பக்கத்தில் நிற்பார்.

இந்தப் பிரிவினை கௌரவத்துக்காக அல்ல. அடுத்தடுத்து இரண்டு மண்மேடு இருந்தால், தேர்ந்தவர் ஒரே தாவலில் இரண்டையும் கடப்பார். புதியவர் ஏறி இறங்கிப் போவார். இருவரையும் ஒன்றாக விட்டால், பின்னால் தாவுபவர் முன்னால் போகிறவர் மேல் வந்து விழுவார். தகுதிக்கு மேற்பட்ட பிரிவில் நின்றால் இந்த ஆபத்து. கீழே இறங்கி நின்றால் வேறொரு தப்பு: முதல் கோப்பைக்கு ஏங்கும் பிள்ளையின் கோப்பையைப் பிடுங்குகிறோம். அப்படிச் செய்பவரை அங்கே 'சாண்ட்பேக்கர்' என்று ஏசுவார்களாம்.

திரும்பி வருபவருக்கு உதாரணம் மைக் ஹெயில்வுட். 1967க்குப் பிறகு மான் தீவின் டிடி பந்தயத்துக்கு வராதவர். இடையில் கார் பந்தயத்தில் காலில் பலத்த அடி. 1978இல், 38 வயதில், திரும்பி வந்தார். ஃபார்முலா ஒன் பிரிவில் டுகாட்டி வண்டியில் ஜெயித்தார். அதே வாரம் வேறு பிரிவுகளில் யமஹா வண்டிகளில் ஓடியபோது வெற்றி கிட்டவில்லை. அதே ஆள், அதே பாதை. அவ்வளவு பெரிய சாம்பியனுக்கே பிரிவும் வண்டியும் பொருந்த வேண்டியிருந்தது!

இதைப் படித்தபோது எனக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இரண்டு வருஷம் வேலைக்குப் போய்விட்டு ஒரு பையன் பள்ளிக்குத் திரும்பினான். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் கூசுவானே என்று, அவன் வயதுப் பிள்ளைகளோடு ஏழாம் வகுப்பில் சேர்க்கச் சொன்னேன். வகுத்தல் கணக்கே அவனுக்கு மறந்திருந்தது. ஒரு மாதம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பிறகு வரவில்லை. அவன் மானத்தைக் காப்பதாக நினைத்து, அவன் படிப்பைக் கெடுத்தேன். தப்பு என்னுடையது.

அதனால் மாணவனிடம் சொன்னேன்: "பழைய மார்க் ஷீட்டைப் பார்க்காதப்பா. முதல்ல பயிற்சி நாளுக்குப் போ. சுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு குறிச்சு, பி பிரிவுக்காரங்க நேரத்தோட ஒப்பிட்டுப் பார். நாலாவது சுத்துல முன்கை விறைச்சுப் பிடி தளருதான்னு பார். தளர்ந்தா சி-யில நில்லு. சங்கத்துல கேட்டா இறக்கித் தருவாங்களான்னு விசாரி. ஆனா ஜெயிக்க ஆரம்பிச்சிட்டா, அவங்க ஏத்தறவரைக்கும் காத்திருக்காதே. நீயே கேட்டு மேலே போ."

"கூச்சமா இருக்கும் டீச்சர்" என்றான். "முதல் நாள் இருக்கும்" என்றேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குப் போகிறானாம்.

ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டுப்போன என் பிள்ளைக்கு இந்தப் பதிவு எப்படியாவது போய்ச் சேர்ந்தால், ஒரு வரி எழுதப்பா. டீச்சர் உன்னை மறக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்