அங்காதிபாதம் முதல் உடற்கூற்றியல் வரை: உடலறிவுத் தமிழின் வரலாறு

முன்னுரை

பெங்களூரின் தொம்மலூரில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அவை இலக்கியச் சுவை கருதிப் பொறிக்கப்பட்டவை அல்ல. கொடைகளைப் பதிவுசெய்யும் நடைமுறைத் தேவைக்கென எழுந்தவை. ஒரு துறையின் அன்றாட வேலை எம்மொழியில் நடைபெறுகின்றதோ அம்மொழியே அத்துறையில் நிலைபெறும் என்பதற்கு அவற்றை ஒரு சிறு சான்றாகக் கொள்ளலாம். இவ்வளவுகோலை மனித உடலமைப்பு பற்றிய அறிவுத்துறைக்குப் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நிகழ்ந்த தமிழ்வழி மருத்துவக் கல்வி அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றது.

மரபுவழி உடலறிவு

மேலை மருத்துவம் வருவதற்கு முன்னரே தமிழில் உடல் பற்றிய விரிவான சொல்வளம் இருந்தது. ஈரல், நுரையீரல், மண்ணீரல், குடல், என்பு, நரம்பு முதலிய சொற்கள் மக்கள் வழக்கிலும் நூல் வழக்கிலும் பயின்றன. சித்த மருத்துவம் உடலைத் தொண்ணூற்றாறு தத்துவங்களாகவும், வாத பித்த கபங்களாகவும், ஏழு உடற்கட்டுகளாகவும், பத்து நாடிகளாகவும் பகுத்தது. உடலை அறுத்து உறுப்புகளை வரிசைப்படுத்துவதைவிட, உடலின் இயக்க ஒழுங்கையும் அது குலையும் வகையையும் அறிவதே இம்மரபின் முதன்மை நோக்கம் எனலாம். எனவே மரபுச் சொற்கள் பல ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களைச் சுட்டின. 'நரம்பு' என்னும் சொல் யாழின் நரம்பையும் உடலினுள் ஓடும் பல்வகை இழைகளையும் ஒருங்கே குறித்தது. புதிய உடற்கூற்றியலோ உணர்வைக் கடத்தும் இழை, தசையை என்போடு பிணைக்கும் நாண், குருதி செல்லும் குழாய் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெயரை வேண்டியது.

மானிப்பாய் வகுப்பு

அமெரிக்க இலங்கை மிஷனின் மருத்துவராகச் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். 1848இல் மானிப்பாயில் மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் பயிற்சி ஆங்கிலத்தில் நடைபெற்றது; எனினும் 1850களிலேயே கால்வின் கட்டரின் உடலியல் நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' எனத் தமிழில் வெளிவந்தது. அங்காதிபாதம் உடற்கூற்றையும், சுகரணவாதம் உடலின் தொழிற்பாட்டையும், உற்பாலனம் உடல்நலம் பேணுதலையும் குறித்தன.

1857இல் விடுப்பில் தாயகம் சென்ற கிறீன் 1862இல் திரும்பிவந்தார். 1864 முதல் அவரது வகுப்பு தமிழிலேயே நடைபெற்றது. இம்மாற்றத்தை மொழிப்பற்று என்னும் ஒரு காரணத்தில் அடக்குதல் பொருந்தாது. ஆங்கிலத்தில் பயின்றோர் அரசுப் பணியை நாடிச் சென்றனர். கிராமங்கள் மருத்துவரின்றியே இருந்தன. தமிழில் பயின்றவன் தன் ஊரிலேயே தங்கித் தன் மக்களுக்கு மருத்துவம் செய்வான் என்பது கிறீனின் எண்ணம். மாணவர் தம் உடையையும் வாழ்க்கை முறையையும் ஐரோப்பியர்போல் மாற்றிக்கொள்ளலாகாது என அவர் வற்புறுத்தியமையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. பயிற்றுமொழி என்பது இங்கு மருத்துவர் எங்கு வாழ்வார் என்பதைத் தீர்மானிக்கும் காரணியாகக் கருதப்பட்டது.

இவ்வகுப்பின் தேவைக்கெனவே நூல்கள் தோன்றின. மோன்செலின் பிரசவ வைத்தியம் 1857இலும், துருவிதரின் இரண வைத்தியம் 1867இலும், கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. அவ்வாண்டிலேயே வைத்தியாகரமும் வெளிவந்தது. தொடர்ந்து கெமிஸ்தம் 1875இலும், 'மனுஷ சுகரணம்' 1883இலும் அச்சாயின. கிறீனிடம் பயின்ற தமிழ் மருத்துவர்கள் இம்முயற்சியில் மொழிபெயர்ப்பாளராகப் பங்குகொண்டனர். 1873இல் நாடு திரும்பிய பின்னரும் கிறீன் இறுதிவரை இந்நூற்பணியைத் தொடர்ந்தார்.

சொல்லாக்க நெறி

கிறீனின் நெறி எளிமையானது. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுதல். அது கிடைக்காவிடத்து வடமொழியை நாடுதல். அதுவும் இயலாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல். 'அங்காதிபாதம்' என்னும் பெயர் யாழ்ப்பாணத்து மரபு மருத்துவ நூல் வழக்கிலும் காணப்படுவது. புதிய அறிவு பழகிய பெயருடன் அறிமுகமானது என்பது குறிப்பிடத்தக்கது. மாறாக, வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்' என ஆங்கில ஒலியே ஏற்கப்பட்டது. தனித்தமிழ் நோக்கில் இச்சொற்களுட் பல இன்று ஏற்புடையனவாகத் தோன்றாமற் போகலாம். எனினும் அவை நோயாளியின் அருகில் நின்ற மாணவனால் பயன்படுத்தப்பட்டு, பயன்பாட்டில் சோதிக்கப்பட்ட சொற்கள் என்பதை மறத்தலாகாது.

வழக்கிழந்த வரலாறு

கிறீனின் காலத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் மருத்துவப் பயிற்சி பெற்றனர். ஆயினும் தமிழ்வழி வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அரசுப் பதவிக்கான வழி ஆங்கிலத்தின் ஊடாகவே அமைந்தது. இந்தியாவிலும் நிலை வேறன்று. 1835இல் நிறுவப்பட்ட கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பின்னர் இந்துஸ்தானி, வங்காளி வகுப்புகள் நடைபெற்றபோதிலும், மேல்நிலைத் தகுதி ஆங்கிலத்திற்கே உரியதாயிற்று. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தொடங்கப்பெற்றபோது, மானிப்பாய்க்கு அண்மையிலேயே பயிற்றுமொழி ஆங்கிலமாக இருந்தது.

நூல்களில் குறையிருந்தமையால் இம்முயற்சி நின்றதன்று. அந்நூல்களைப் பயின்றோர்க்கு உரிய பணியிடமும் தகுதியேற்பும் தொடராமையாலேயே நின்றது. வகுப்பு மறைந்ததும் சொற்களும் வழக்கிழந்தன. அங்காதிபாதம் 'உடற்கூற்றியல்' ஆயிற்று. சுகரணவாதம் தமிழ்நாட்டில் 'உடலியங்கியல்' எனவும் இலங்கையில் 'உடற்றொழிலியல்' எனவும் பெயர் பெற்றது.

இருவேறு வழக்குகள்

20ஆம் நூற்றாண்டில் உடலறிவுத் தமிழ் பள்ளிப் பாடநூல்களின் வழியே வளர்ந்தது. ஆனால் அது இரு கரைகளிலும் வெவ்வேறாக வளர்ந்தது. தமிழ்நாட்டு மாணவர் 'செல்', 'திசு', 'கணையம்' எனப் பயில்வனவற்றை இலங்கை மாணவர் 'கலம்', 'இழையம்', 'சதையி' எனப் பயில்கின்றனர். இவை வெவ்வேறு சொற்களாதலின் மயக்கம் குறைவு. ஒரே சொல் வேறு பொருள் தருமிடத்தே இடர் மிகுகின்றது.

குருதிச் சுற்றோட்டத்தைச் சான்றாகக் கொள்ளலாம். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாயைத் தமிழ்நாட்டு நூல்கள் 'தமனி' என்றும், இதயத்திற்குக் குருதியை மீட்டுவரும் குழாயைச் 'சிரை' என்றும் வழங்கும். இலங்கை வழக்கில் இவை முறையே 'நாடி', 'நாளம்' எனப்படும். தமிழ்நாட்டு மாணவர்க்கு நாடி என்பது மணிக்கட்டில் உணரப்படும் துடிப்பு. அத்துடிப்பு எழுவது அக்குழாயிலேயே ஆதலின் இலங்கை வழக்கும் காரணமுடையதே. 'நாளம்' தமிழ்நாட்டில் 'இரத்த நாளம்' என்னுமிடத்துக் குருதிக்குழாய் அனைத்திற்கும் பொதுப்பெயர். 'நாளமில்லாச் சுரப்பி' என்னுமிடத்துச் சுரப்புநீர் செல்லும் குழாய். இலங்கையிலோ சிரை மட்டுமே. ஒரு கரையின் நூலை மறுகரை மாணவர் பயிலும்போது, பொருள் விளங்காமற் போவதினும் தவறாக விளங்குதலே நிகழக்கூடும்.

முடிவுரை

2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இந்திவழி மருத்துவப் பாடநூல்கள் வெளியிடப்பட்டன. தமிழ்நாட்டிலும் மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கும் முயற்சி அக்காலத்தை ஒட்டி மேற்கொள்ளப்பட்டது. இவற்றைத் தமிழில் இதுவரை நிகழாத புதுமை எனக் கொள்வது வரலாற்றோடு பொருந்தாது. கிரேயின் நூலைத் தமிழ் வகுப்பறை 1872இலேயே பெற்றிருந்தது. ஆகவே 'தமிழால் இயலுமா' என்னும் வினா விடை கண்ட ஒன்றாகும். தமிழில் பயின்ற மருத்துவர்க்கு எப்பணி, எவ்வூர், எத்தகுதி என்பதே மானிப்பாய் எழுப்பி நமக்கு விட்டுச்சென்ற வினா.

தமிழாய்வுத் துறைகளுக்கு இங்கு இரு கடமைகள் உள்ளன. முதலாவது, மானிப்பாய் நூல்களின் சொற்களைத் தொகுத்து இன்றைய இரு வழக்குகளோடும் ஒப்பிட்டுப் பொருளடைவு அமைத்தல். இரண்டாவது, 'நாளம்' போன்ற மயக்கச் சொற்களை இரு நாட்டு ஆசிரியரும் கூடி வரையறுத்தல். தொம்மலூர்க் கல்வெட்டில் கொடையைப் பதிவுசெய்தற்குத் தேவைப்பட்ட தெளிவு, உடலின் உறுப்பைப் பெயரிடுதற்கு இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகின்றது. அங்குப் பிழை கொடையைப் பாதிக்கும்; இங்குப் பிழை உயிரைப் பாதிக்கும்.