சிற்றில் முதல் சேலைக் கூடாரம் வரை



பேரன் பேத்தி இருக்கிற வீடுகளில் இப்போது 'கிட்ஸ் டென்ட்' என்ற பேச்சு அதிகமாகிவிட்டது. குழந்தை போனில் பார்த்துவிட்டுக் கேட்கிறது, ஆன்லைனில் விலையைப் பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. இது ஏதோ வெளிநாட்டு நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கூடாரமும் குழந்தைகளின் விளையாட்டு வீடும் நமக்கு மிகப் பழையவை. பதிவு கொஞ்சம் நீளம்தான், வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கூடாரத்தின் கதை. பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு, 103 அடிகள்தான். எழுதியவர் நப்பூதனார். போருக்குப் போன அரசனின் பாசறையை அதில் விவரிக்கிறார். கம்புகளை நட்டு, கயிற்றை இழுத்துக் கட்டி வீரர்கள் தங்குமிடம் அமைத்ததைச் சொல்கிறார். கம்பு, கயிறு, துணி. இன்று ஆன்லைனில் விற்கும் டென்ட்டிலும் இந்த மூன்றைத் தவிர வேறென்ன இருக்கிறது?

நம் சேலம், நாமக்கல் சமவெளி ஒரு காலத்தில் திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. 1792 உடன்படிக்கையில் இந்தப் பகுதியை ஆங்கிலக் கம்பெனிக்கு அவர் விட்டுக்கொடுத்தார். அலெக்ஸாண்டர் ரீடு இங்கே நிர்வாகத்துக்கு வந்தார், அவருக்கு உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பருத்திக் கூடாரம் ஒன்று, அப்போது சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பத்துக்குப் போனது. பூச்சாடிகளும் பூக்களும் நிறைந்த அழகான சீட்டித் துணி. வேல்ஸ் நாட்டில் போவிஸ் கோட்டையில் தோட்ட விருந்துகளுக்கு அதைப் பந்தலாகக் கட்டினார்கள். இன்றும் அது அந்தக் கோட்டைச் சேகரிப்பில் இருக்கிறது. மன்னரின் கூடாரமும் கடைசியில் விளையாட்டுப் பந்தலாகத்தான் ஆயிற்று!

இனி குழந்தைகளின் வீட்டுக்கு வருவோம். அதற்குத் தமிழில் 'சிற்றில்' என்று பெயர். சிறுமிகள் மணலில் கட்டி விளையாடும் சின்ன வீடு. கலித்தொகையின் 51-ஆம் பாடலில் தலைவி தன் தோழியிடம் ஒருவனைப் பற்றிச் சொல்கிறாள். சிறு வயதில் நம் மணல் வீட்டைக் காலால் கலைத்தவன், மாலையைப் பறித்தவன், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் என்று அடையாளம் காட்டுகிறாள். ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும், எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் கேட்கிறார். ஆண்பால் பிள்ளைத்தமிழில் 'சிற்றில்' என்று ஒரு பருவமே உண்டு. அதிலும் இதே வேண்டுகோள்தான்.

கவனித்தீர்களா? வீடு கட்டுவது பெண் குழந்தை, கலைப்பது ஆண் குழந்தை. கலைப்பதை அழகு என்று பாடி வைத்தோம். கட்டியவளுக்கு அது எவ்வளவு பெரிய வீடு என்று எத்தனை பேர் யோசித்தோம்?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் மாவட்டத்துக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அதை முதலில் தொடங்கிய இடம் சேலம் மாவட்டம். நாமக்கல் அப்போது சேலத்தோடு இருந்தது, 1997 ஜனவரி 1-ல்தான் தனி மாவட்டம் ஆனது. வேண்டாம் என்று நினைத்தால் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள் என்று அரசே கேட்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் பிறந்த பெண்கள் இன்று தாய்மார்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலரும் அந்த வயதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் ஒரு பெண் குழந்தைக்கு 'இது என் இடம்' என்று சொல்ல ஒரு மூலை வேண்டும். விற்பனைக்கு வரும் கூம்பு வடிவ டென்ட்டின் மூலம் அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளின் 'டீப்பி'. அந்த இனங்கள் பலவற்றில் அதைக் கட்டுவதும் பெண்கள், அதற்கு உரிமையாளர்களும் பெண்களே.

இனி செய்முறை. ஐந்தடி மூங்கில் குச்சி நான்கு வேண்டும். சிலாம்பு இல்லாமல் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து ஒரு சாண் கீழே நான்கையும் சேர்த்துச் சணலால் இறுக்கிக் கட்டி, கால்களைச் சதுரமாக விரியுங்கள். ஒரு பக்கம் மூன்றரை அடி. நான்கு பக்கமும் சேர்ந்து 14 அடி. ஒரு பழைய நூல் சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. சுற்றியது போக மிச்சம் 4 அடி, அதுதான் வாசல் திரை. சேலையின் ஒரு கரையை மடித்துத் தைத்து, பாவாடைக்குக் கோப்பது போல நாடா கோத்து, மேலே சுருக்கிக் கட்டுங்கள். முடிச்சுக்கு அருகில் சிறிது இடைவெளி விட்டால் புழுக்கம் வெளியேறும். நம் ஊர் வெயிலுக்கு அது அவசியம்.

கால்கள் வழுக்காமல் இருக்க அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு மாட்டுங்கள். வாசல் தவிர மற்ற மூன்று பக்கமும் கால்களை அடியில் கயிற்றால் இணைத்துக் கட்டுங்கள். நாடாவின் மிச்சத்தைத் தொங்க விடாமல் வெட்டிவிடுங்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. உள்ளே விளக்கோ கொசுவத்தியோ கூடவே கூடாது. சிறு குழந்தையை அதில் தனியாக விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. அண்ணனோ தம்பியோ அதைக் கலைத்தால், "பையன்தானே" என்று சிரித்துவிடாதீர்கள். அவனையே திரும்பக் கட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு அவள் கூப்பிட்டால் மட்டும் உள்ளே போகட்டும்.

கட்டி முடித்தவர்கள் படம் அனுப்புங்கள் கண்ணுகளா. யார் வீட்டுச் சேலை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அம்மாவுடையதா, பாட்டியுடையதா என்று தெரிந்துகொள்ள ஆசை.